வயலின் உண்டு, வாத்தியார் எங்கே?



பரிசளிப்பு விழா மலர் என்றால் முதற்பக்கத்தில் வாழ்த்துரை, நடுப்பக்கத்தில் வகுப்புப் படங்கள், கடைசியில் கடைக்காரர்களின் விளம்பரம். இடையில் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதுவது வழக்கம். சென்ற ஆண்டு மலரில் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின் வரலாற்றை எழுதினேன். படித்துவிட்டு ஒரு பெற்றோர், "நல்லாத்தான் இருந்திச்சு சார். ஆனா அதுல நம்ம பிள்ளைங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே இவ்வாண்டு நம் பள்ளிக்கே உரிய ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, வரலாற்றில் அதற்கு விடை தேடியிருக்கிறேன்.

வினா இதுதான். நம் பள்ளி நூல்நிலைய அலமாரியின் மேல்தட்டில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவை வயலின்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் அன்போடு வாங்கிக் கொடுத்தவை. பட்டணத்திலிருந்து ஒரு வாத்தியார் சில மாதங்கள் வந்து போனார். பஸ் மாறி பஸ் ஏறி வருவது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை, நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அன்று மூடிய பெட்டி மூடியபடியே இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் வாரம் தவறாமல், "சார், அந்தப் பொட்டிய எப்ப தொறப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கருவி வாங்கக் காசு கிடைத்தது. கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆள் எங்கே, எப்படி உருவாகிறார்?

வயலின் நமக்கு வந்த கதை

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி என்பது யாவரும் அறிந்ததே. அதை நம் இசைக்கு வசப்படுத்தியவர் முத்துசுவாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1858). சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த காலம் அது. கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசிக்கும் வாத்தியங்களைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பாலுசுவாமி ஓர் ஐரோப்பிய வித்துவானிடம் மூன்று ஆண்டுகள் வயலின் கற்றார். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்த கருவியை நம்மவர்கள் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல் ஊன்றி வாசிக்கப் பழகினார்கள். தந்திகளைச் 'ச-ப-ச-ப' என்று நம் சுருதிக்குச் சேர்த்தார்கள். பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக விளங்கினார்.

தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். அவர் வயலினில் பெற்ற தேர்ச்சியைக் கண்டு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, முதலில் ஒருவர் மூன்று ஆண்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பதே. கருவி கப்பலில் வந்து இறங்கியதால் மட்டும் கலை பரவவில்லை. கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்ததால் பரவியது. நம் அலமாரிக்கு வந்த வயலின்களுக்கு முதற்பகுதி மட்டுமே நடந்தது. இரண்டாம் பகுதி நடக்கவில்லை.

ஆசிரியரை உருவாக்குவது தனி வேலை

குருகுலத்தில் சீடன் குருவோடு பல்லாண்டு தங்கினான். கச்சேரிக்குத் தம்பூரா போட்டான், கேட்டான், பாடினான். மூத்த சீடன் இளைய சீடனுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தான். அதுவே அவனுக்கு ஆசிரியப் பயிற்சியாகவும் அமைந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பள்ளிகளில் இசை ஒரு பாடமாக நுழைந்தபோது இந்த முறை போதவில்லை. முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கத் தெரிந்தவர் வேண்டியிருந்தது. கச்சேரி வித்துவான் எல்லாருக்கும் அது வருமா? வராது. என்னைப் போன்ற பயிற்சிச் சான்றிதழ்க்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். கணக்குத் தெரிந்திருப்பது வேறு, கணக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு.

இதை உணர்ந்துதான் 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாதெமி, மூன்றே ஆண்டுகளில், 1931இல், இசை ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதே 1931இல் யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. அச்சபை படிப்படியாகத் தேர்வுகளை நடத்தி, உச்சிப் படிக்கு 'ஆசிரியர் தரம்' என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். வித்துவான் தரம் என்று வைக்கவில்லை. கற்றவன் கடைசியில் கற்பிக்கத் தகுதி பெற வேண்டும் என்பது அதன் பொருள்.

சிங்கப்பூருக்கு வருவோம்

தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவை அறியாதவர் நம்மில் யார்? சிராங்கூன் சாலையில் பூமாலையும் மல்லிகையும், வீரமாகாளியம்மன் கோயில் மணியும், கேம்பல் லேன் கடைகளும் நமக்குப் பழக்கமானவை. பெருமாள் கோயிலுக்கும் அப்பால், ஸ்டார்லைட் சாலையில் சாயங்கால வேளையில் நின்று பாருங்கள். தோளில் வயலின் பெட்டி மாட்டிய சிறுவர் சிறுமியர் வந்துபோவதைக் காணலாம். அங்கே இருப்பதுதான் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்.

இக்கழகம் 1949இல் தொடங்கப்பட்டது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். ஜப்பானியர் காலத்துப் பசியும் பயமும் மக்கள் மனத்தில் ஆறாத நேரம். அந்த நேரத்தில் இசை ஆர்வலர்கள் கூடி, நம் பிள்ளைகளுக்குப் பாட்டும் வாத்தியமும் வேண்டும் என்று எண்ணினார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். இன்று அங்கே வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், நாட்டியம் முதலியவை கற்பிக்கப்படுகின்றன.

1952இல் கே. பி. பாஸ்கர் சிங்கப்பூரில் நாட்டியப் பள்ளி தொடங்கினார். பின்னர் அவரைக் கைப்பிடித்த திருமதி சாந்தா பாஸ்கரும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கினார். 1988இல் அவர்கள் அமைத்த நிருத்யாலயா கழகம் நடனத்தோடு இசையையும் கற்பித்தது. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1987இல் சிங்கப்பூரிலும் காலூன்றியது. அதன் கிளை நம் ஜொகூர் பாருவிலும் உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

இவையெல்லாம் தனிக் கழகங்கள். 1960இல் சிங்கப்பூர் அரசு மக்கள் கழகத்தை நிறுவியது. அதன் கீழ் வட்டாரந்தோறும் சமூக மன்றங்கள் வந்தன. தையல், சமையல், பூப்பந்து ஆகியவற்றோடு இசையும் அங்கே வந்தது. 1985இல் மக்கள் கழகத்தின் ஆதரவில் சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவும் பாடகர் குழுவும் உருவாயின. அதைப் பல்லாண்டு வழிநடத்திய திருமதி லலிதா வைத்தியநாதன் ஒரு வயலின் கலைஞர். வயலினும் வீணையும் சித்தாரும் ஒன்றாக அமர்ந்து, கையில் எழுத்துப் பிரதி வைத்து, ஒருவர் கைச்சைகைக்கு வாசிப்பது நம் மரபுக்குப் புதிது. ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. தனிக்கச்சேரி செய்யும் அளவு தேறாத மாணவனும் கருவியைக் கீழே வைத்துவிடாமல் தொடர்ந்து வாசிக்க ஓர் இடம் கிடைத்தது. நாளைய ஆசிரியர் அப்படிப்பட்டவர்களிடையிலிருந்தும் வருவார்.

மற்றவர் வீட்டுக் கதையும் கேளுங்கள்

நம்மவர் கதையோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாறுதான். சீன வயலின் ஆசிரியர் கோ சூன் தியோ (1911 - 1982) சுமத்ராவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். பிள்ளைகளுக்குக் கற்பித்ததோடு, அவர்களைச் சேர்த்துத் தந்திக் கருவிக் குழுவும் நடத்தினார். அவர் மாணவர் சூ ஹோய், 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவின் முதல் நடத்துநர் ஆனார். மகள் விவியன் கோ, 1980இல் தொடங்கிய இளையர் இசைக்குழுவை நடத்தினார். ஒரு வாத்தியார் எத்தனை வாசல்களைத் திறந்துவிட்டார் பாருங்கள்!

அபிஷேகநாதன் சகோதரர்களை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். அண்ணன் பால் அபிஷேகநாதன் பினாங்கில் பிறந்தவர். 1950இல் சிங்கப்பூர் சேம்பர் இசைக்குழுவைத் தொடங்கி, 1986இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். தம்பி அலெக்ஸ் அபிஷேகநாதன் கிட்டார் ஆசிரியர். 1970ஐ ஒட்டித் தொலைக்காட்சி வழியாகவே கிட்டார் கற்பித்தவர். அன்று தனி வாத்தியார் வைத்துக்கொள்ள முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அதனால் பாடம் போய்ச் சேர்ந்தது. 1981இல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கிட்டார் குழு அமைத்தார். 1988இல் அவருக்கும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

கட்டணம் எப்படிக் குறைகிறது?

"அதெல்லாம் காசு உள்ளவங்க ஊரு சார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். வயலின் வகுப்புக்கு மூன்று செலவுகள்: இடம், ஆசிரியரின் நேரம், கருவி.

இடச் செலவைச் சமூக மன்றங்கள் குறைத்தன. 1985இல் சிங்கப்பூர் அரசு பழைய கட்டடங்களைக் கலைக் குழுக்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும் திட்டத்தையும் தொடங்கியது. வாட்டர்லூ தெருவில் உள்ள ஸ்டாம்ஃபோர்டு கலை நிலையம் முன்பு ஜப்பானியப் பள்ளியாகவும், பிறகு பெண்கள் பள்ளியாகவும் இருந்த கட்டடந்தான்.

ஆசிரியர் செலவைக் குழு வகுப்பு குறைக்கிறது. கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு மணி நேரத்துக்கு ஆசிரியருக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை கற்றால் 60 வெள்ளி. ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் ஆளுக்கு 10 வெள்ளி. கருவிச் செலவைக் கைமாற்றுக் குறைக்கிறது. வயலினில் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. பிள்ளை வளர வளரச் சிறியது உதவாது. அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் குழு வகுப்பில் ஒரு சங்கடம். ஆறு வயலினுக்கும் சுருதி சேர்ப்பதற்குள்ளேயே கால்மணி நேரம் ஓடிவிடும். ஒருவனுக்கு வில் வளையும், இன்னொருத்திக்கு மணிக்கட்டு மடங்கும். ஆறு பேர் கையையும் ஒருவர் பார்க்க முடியாது. அதற்குத்தான் ஓர் உதவி ஆசிரியர் வேண்டும். அந்த உதவி ஆசிரியர் யார் என்பதில்தான் நம் வினாவின் விடை ஒளிந்திருக்கிறது.

சட்டாம்பிள்ளையின் வெற்றி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தந்திக் கருவி வாசிப்போருக்கும் ஆசிரியருக்கும் பஞ்சம் வந்தது. 1948இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒரு யோசனை செய்தது. வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வயலின், செல்லோ வகுப்புகள் நடத்துவது. அவற்றில் பல்கலைக்கழக மாணவர்களையே கற்பிக்க வைப்பது. அனுபவமுள்ள பேராசிரியர் பக்கத்தில் இருந்து திருத்துவது. பிள்ளைக்கு மலிவாகப் பாடம் கிடைத்தது. மாணவருக்கு ஆசிரியப் பயிற்சி கிடைத்தது. ஊருக்கு நாளைய வாத்தியார் கிடைத்தார். 1974இல் தென் கரோலினா பல்கலைக்கழகமும் இவ்வழியில் இறங்கியது. பின்னர் இன்னும் பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றின.

இது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று வாய் பிளக்க வேண்டாம். நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றுக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியில் ஆசிரியர்கள் அந்த முறைக்கு இசையாதபோது, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்குக் கற்பிக்க நிறுத்தினார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நமக்கு அந்நியமே அல்ல. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

நான் கண்டது

இதுவரை நூலறிவு. இனி ஒரு சொந்தச் செய்தி, பெருமைக்காகச் சொல்லவில்லை.

அந்த மாணவியின் கேள்வி பொறுக்க முடியாமல், ஒரு வருடத்துக்கு முன் அலமாரியிலிருந்து பெரிய வயலினை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினேன். தேக்காவுக்குப் பக்கத்திலேயே ஒரு குழு வகுப்பு. மாதக் கட்டணம் அங்குள்ளவர்களுக்குக் குறைவு. நமக்கோ ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறக்குறைய மூன்று ரிங்கிட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஒத்துக்கொண்டேன். எனக்கு வயது முப்பத்தாறு. எனக்கு இருபுறமும் ஒன்பது வயதுப் பிள்ளைகள்.

முதல் நாள் என் வயலினிலிருந்து வந்த சத்தம் கதவு கீல் கத்துவது போல் இருந்தது. பக்கத்துப் பையன் சிரித்தான். பிறகு பாவம் பார்த்து, "அங்கிள், முழங்கையை உள்ளே கொண்டு வாங்க" என்றான். கொண்டுவந்தேன். சத்தம் சற்றுத் திருந்தியது. வகுப்பின் முதல் அரைமணி நேரத்தை அம்மையார் தாமே நடத்துவதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியை எங்கள் முன் உட்கார வைத்துச் சரளி வரிசை நடத்தச் சொல்வார். தாம் பின்னால் நின்று கேட்பார். அவள் தாளத்தை விரைவாக்கினால், "அம்மா, உனக்குத் தெரியும், அவங்களுக்கு இன்னும் தெரியாதே" என்று மெதுவாகச் சொல்வார். ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற பாடங்களுள் எத்தனையோ அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன.

குறையும் சொல்ல வேண்டும். தொடக்கநிலை இறுதித் தேர்வு நெருங்கினால் பல வயலின்கள் பெட்டிக்குள் போய்விடுகின்றன என்று அங்குள்ள பெற்றோர்களே சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து குருமார்களை வரவழைப்பது இன்றும் தொடர்கிறது. அவர்களால் பெரும் நன்மை உண்டு. ஆனாலும் குரு ஊர் திரும்பும்போது வகுப்பும் கூடவே போய்விடாமல் இருக்க, உள்ளூரிலேயே வளர்ந்த ஆசிரியர் வேண்டும். அந்த உயர்நிலைப் பள்ளி மாணவியைப் போன்றவர்கள்தான் அதற்கு நம்பிக்கை.

நாம் செய்யக்கூடியது

நம் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணம் போயின. பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். "இருக்கிற பாடத்தை ஒழுங்கா நடத்தினா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாடத்தை ஒழுங்காக நடத்துவது முதற்கடமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை என்றால் கருவியைத் தொட்டுப் பார்க்காமலே வளர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

ஆகவே என் திட்டம் இது. வரும் தவணையிலிருந்து சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், எனக்குத் தெரிந்த அளவு சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். நான் வித்துவான் அல்லேன். அவர்களைவிட ஓராண்டு மூத்த மாணவன், அவ்வளவே. கட்டணம் மாதம் ஒரு ரிங்கிட். அது தந்தி அறுந்தால் மாற்றுவதற்கு. ஒரு பிள்ளை சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசித்துவிட்டால், அவனோ அவளோ அடுத்த பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இது கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜொகூர் பாருவில் தேர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் பிள்ளைகளை அழைத்துப் போய், எங்கள் பிழைகளைத் திருத்திக்கொள்வோம். தவறான பழக்கம் கையில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம் அல்லவா?

பெற்றோர்களிடம் நான் கேட்பது பணம் அன்று. போய்வர ஒரு வேன், வீட்டில் தினம் பதினைந்து நிமிட அமைதி, இவ்விரண்டும் போதும். ஜப்பானிய ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் மத்சுமொட்டோ நகரில் பள்ளி தொடங்கி, பிள்ளைக்கு முன்னால் தாயையே வயலின் பிடிக்கச் சொன்னவர். நம் தாய்மார்கள் வயலின் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டில் யாரும் தொடாத முக்கால் வயலின் இருந்தால் நினைவில் வையுங்கள்.

பாலுசுவாமி தீட்சிதர் மூன்று ஆண்டுகள் கற்றார். நாமும் மூன்று ஆண்டுகள் என்று கணக்கு வைப்போம். அந்த ஐந்தாம் ஆண்டு மாணவி இப்போது ஆறாம் ஆண்டு. அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். "சனிக்கிழமை மட்டும் இங்க வரலாமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். வரலாம் என்று சொல்லிவிட்டேன். சின்ன வயலினை அவளிடம் கொடுத்தாயிற்று. சென்ற வாரம் பார்த்தேன்: தன் தம்பியின் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.